கூட்டாத வாசல்

எங்கள் ஒத்தவேலம்பட்டியில் செடிகள் நடக்க ஆரம்பித்தது ஒரு சித்திரை மாதத்து உச்சிவேளையில், நான் வாசலை இரண்டாம் தடவையாகக் கூட்டி, குவித்த சருகுக்குத் தீயும் வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்த நேரத்தில். முதலில் கிளம்பியது எங்கள் வீட்டுக் கத்தரிதான். தண்ணீரைத் தாண்டப்போகிற பொம்பளை சேலையைத் தூக்கிச் செருகுகிற மாதிரி அது வேரை ஒவ்வொன்றாக மண்ணிலிருந்து உருவி எடுத்து, ஒட்டியிருந்த கரிசல் கட்டியை உதறிவிட்டு, வேலிப் படலைத் தலையால் தள்ளித் திறந்துகொண்டு தெருவில் இறங்கியது. அதன் பின்னால் வெண்டை, வெண்டைக்குப் பின்னால் சீனியவரை, அதற்கும் பின்னால் ரேஷன் கடை வரிசை மாதிரி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மிளகாய்ச் செடிகள். முருங்கை மட்டும் போகவில்லை, அதற்கு இடுப்பு கனம்.

விளக்குமாறும் கையுமாகப் பின்னாலேயே போனேன். செடி நடந்ததுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, வெயில் அப்படி, கல்லே எழுந்து நிழலுக்குப் போகிற வெயில். போயும் போயும் அவை வள்ளிமயில் மதினி வீட்டுக்குள் நுழைந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மதினி என் வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்ட அக்கா, பக்கத்து வீடு, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் விளக்குமாற்றைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை. வேம்பும் புங்கையும் உதிர்த்தது உதிர்த்தபடியே வருஷக்கணக்காகக் கிடக்கும் வாசலில், கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டு, எழுந்தால் பல் விளக்குவாள், விளக்கினால் மறுபடி படுப்பாள். நாங்கள் ஊர்ப் பொம்பளைகள் எல்லாரும் அந்த வாசலைக் காட்டித்தான் எங்கள் பெண்பிள்ளைகளுக்குச் சோம்பல் என்றால் என்னவென்று சொல்லிக்கொடுப்போம்.

"மதினி, என் செடியெல்லாம் உங்க வீட்டுக்கு வந்துருக்கு."

"வந்தா இருந்துட்டுப் போகட்டும் புள்ள, சோறா கேக்குது" என்றாள் மதினி, கண்ணைத் திறக்காமலே.

வேறொருத்தி என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். என்னால் சிரிக்க முடியாமல் போனதற்குக் காரணம் பந்தயம்.

முந்தின மாதம், எங்கள் ஊர் அம்மனுக்கு வைக்கிற பங்குனிப் பொங்கலுக்குத் திருப்பூரிலிருந்து வந்திருந்த என் வீட்டுக்காரர் இருளப்பன், கறிச்சோற்றைப் பிசைந்துகொண்டே, "இந்தக் காஞ்ச ஊர்ல என்னத்தக் கட்டிக்கிட்டு அழுகுற சீனியம்மா, வீட்டப் பூட்டிட்டுப் புள்ளையத் தூக்கிட்டுக் கெளம்பு, அம்மா போயி மக வீட்ல இருக்கட்டும்" என்றார். திருப்பூரில் அவர் இருக்கும் இடத்தை நான் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தவள். ஒற்றை அறை, ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர், துணி காயப்போட மாடிக்குப் போனால் அங்கே கொடிக்குச் சண்டை. நான் வரமாட்டேன் என்றேன். இங்கே என்ன இருக்கிறது, நாலு காய்க்கு வழியுண்டா என்று கேட்டார். இருந்தால் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டேன். அப்போது அவர், தன்னைப் பெற்ற என் அத்தையும் வள்ளிமயில் மதினியும் கேட்டுக்கொண்டிருக்க, சொன்னார்:

"இந்தப் பங்குனிப் பொங்கல்ல இருந்து அடுத்த பங்குனிப் பொங்கல் வரைக்கும் ஒரு காய் வெலைக்கும் வாங்கக்கூடாது, எரவலும் வாங்கக்கூடாது. உன் வாசல்ல வெளஞ்சதத் தின்னு குடும்பம் நடத்திட்டன்னா நான் திருப்பூர விட்டுட்டு வந்துர்றேன். ஒரு தக்காளி வெளிய இருந்து வந்தாலும் நீ வீட்டப் பூட்டிச் சாவியோட கெளம்பிரணும்."

"வெங்காயம், பூண்டு சேராது" என்றேன்.

"சேராது" என்றார், பெரிய மனது பண்ணி.

அன்றிலிருந்து நான் பட்ட பாட்டைச் சொன்னால் கரிசல் மண்ணே கேட்டு வெடிக்கும், அது ஏற்கெனவே வெடித்துத்தான் கிடந்தது. அரிசி களைந்த தண்ணீர் கத்தரிக்கு, பாத்திரம் கழுவின தண்ணீர் அவரைக்கு, என் மகள் தர்ஷினியை வெண்டைப் பாத்தியில் நிறுத்தித்தான் குளிப்பாட்டினேன். ஓட்டைப் பானைகளைக் கழுத்துவரை மண்ணில் புதைத்து, ஓட்டையில் துணித்திரி சொருகி, தண்ணீர் ஊற்றி மூடிவைத்தேன். அத்தையின் பழைய சேலைகளை நாலு கம்பு நட்டு மேலே கட்டி நிழல் போட்டேன். நல்லதண்ணீர்க் குழாய்க்குக் குடவண்டியைத் தள்ளிக்கொண்டு போய், வரிசையில் நின்று, வாய்ச்சண்டை போட்டுக் கொண்டுவந்த தண்ணீரில் பாதியை நான் குடிக்காமல் செடிக்கு ஊற்றினேன். இத்தனையும் குடித்துவிட்டு அதுகள் உச்சிவெயிலில் எழுந்து, தெருவில் இறங்கி, கையைக் காலை ஆட்டாமல் படுத்துக்கிடக்கிறவள் வாசலில் போய் நின்று பூத்தன. பொழுது சாயச் சாய ஒவ்வொன்றாய்ப் பிடுங்கி இடுப்பில் வைத்துக் கொண்டுவந்து திரும்ப நடுவேன். மறுநாள் உச்சிக்கு மறுபடி கிளம்பிவிடும்.

வைகாசிக்குள் ஊரில் எல்லார் வீட்டுச் செடியும் நடக்கக் கற்றுக்கொண்டது. கொஞ்ச நாள் ஆளாளுக்கு வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள், அப்புறம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். "ஆம்பளைங்க பூராம் திருப்பூருக்கும் சென்னைக்கும் போறாங்க, செடி போனா மட்டும் என்ன அதிசயம்" என்றாள் என் அத்தை, அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மதியம் வருகிற மினிபஸ்காரர் ஊருக்குள் நுழையும்போது ஹாரனை விடாமல் அடித்து, பூசணிக்கொடி கடந்து முடிகிறவரை வண்டியை நிறுத்தி, அந்த நேரத்தில் ஒரு டீ குடித்தார். ஆட்டுக்குக் கொம்பில் சாயம் பூசுகிற மாதிரி அவரவர் செடியின் தண்டில் அவரவர் அடையாளம் பூசினார்கள், எங்கள் வீட்டு நிறம் நீலம். அடுத்தவர் செடி நடக்கும்போது சொம்பைத் தட்டித் தண்ணீர் காட்டிக் கூப்பிடக்கூடாது என்று ஊர் கூடுகிற மந்தையில் வைத்துக் கட்டுப்பாடு போட்டார்கள். கல்யாணம் பேசப் போகிற வீட்டில் நகையைக் கேட்கிறதுக்கு முன்னால் உங்கள் செடி வீடு தங்குமா என்று கேட்டார்கள்.

சண்டை வந்தது காயில்தான். என் கத்தரி மதினி வீட்டில் நின்று பூத்து, அங்கேயே பிஞ்சு விட்டு, அங்கேயே காயாகி, மதினி அதைப் பறித்து எண்ணெய்க் கத்தரிக்காய் வைத்தாள், வாசம் என் வீட்டு அடுப்படி வரைக்கும் வந்தது. நான் நாட்டாமை செல்லத்துரை மாமாவிடம் போய் நின்றேன். அவர் வேப்பமரத்தடியில் நாலு பேரைக் கூட்டினார். எங்கள் பக்கம் வெள்ளாமை முடிந்த காட்டில் ஆட்டுக்கிடை போடுவது வழக்கம், ராத்திரி முழுக்க ஆடுகள் ஒரு காட்டில் கிடந்தால் விழுகிற புழுக்கை அந்தக் காட்டுக்காரருக்கு உரம். மாமா அந்த வழக்கத்தைக் கையில் எடுத்தார்.

"ஆடு ஆட்டுக்காரனுக்கு. புழுக்கை நெலத்துக்காரனுக்கு. அதே மாதிரி செடி சீனியம்மாவுக்கு, காய் வள்ளிமயிலுக்கு. கெடந்த எடத்துல விட்டது கெடந்த எடத்துக்குத்தான்."

"மாமா, புழுக்கையும் கத்தரிக்காயும் ஒண்ணா?"

"ரெண்டும் உருண்டதான தாயி" என்றார் மாமா. கூடியிருந்தவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள், ஒருத்தருக்காவது சிரிப்பு வரவில்லை, நியாயம் என்றால் அவர்களுக்கு அவ்வளவு மரியாதை.

மதினி கெட்டவள் இல்லை. ஒரு கிண்ணத்தில் போட்டு நீட்டினாள், "இந்தா புள்ள, நாலு காய் கொண்டு போ" என்றாள். இரவல் கூடாது என்று அவள் காதுபடத்தான் பேச்சு. என் கையால் தண்ணீர் ஊற்றின காயை அவள் கையிலிருந்து வாங்க முடியாமல், கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து முருங்கைக்கீரை உருவினேன். முருங்கைக்கீரைப் பொரியல், முருங்கைக்கீரைக் குழம்பு, முருங்கைக்கீரை அடை. "அம்மா, நாளைக்கு என்ன?" என்று தர்ஷினி கேட்பாள். பதில் அவளுக்கே தெரியும், இருந்தாலும் கேட்பாள்.

கயிற்றால் கட்டிப் பார்த்தேன், செடி கயிற்றோடு போனது. சுற்றிலும் முள் வைத்துப் பார்த்தேன், என் காலில்தான் ஏறியது. ஆடி பிறந்து பீர்க்கும் அவரையும் ஊன்றினேன், மூன்று இலை விட்டதும் அதுகளும் அண்ணன் அக்காளைப் பார்த்து நடை பழகின. காய்கறி வண்டிக்காரர், வேண்டுமென்றேதானோ என்னவோ, மைக்கைப் போட்டுக்கொண்டு எங்கள் வாசலில்தான் நிறுத்துவார். "தக்காளி, தக்காளி, நாட்டுத் தக்காளி" என்று அது கத்தக் கத்த, நான் உள்ளே போய்ப் பாத்திரத்தைச் சத்தமாகத் தேய்ப்பேன்.

ஐப்பசியில் மழை இறங்கியது. மழையும் பனியுமாக இருந்த மாதங்களில் செடிகள் நல்ல பிள்ளைகளாக அவரவர் இடத்தில் நின்றன. தக்காளி காய்த்தது, கத்தரி காய்த்தது, அவரைப் பந்தல் தாழ்ந்து தலையில் இடித்தது. எனக்கு இந்தச் சந்தோஷத்தின் மேல் நம்பிக்கையில்லாததால் கத்தரியையும் சீனியவரையையும் நறுக்கி உப்புத் தண்ணீரில் போட்டு வத்தலாகக் காயவைத்துப் பானை பானையாகக் கட்டினேன். நினைத்த மாதிரியே தைப்பொங்கல் முடிந்து பனி விலகி வெயில் உறைத்ததும், நீலம் பூசின என் கத்தரி வேரை உருவிக்கொண்டு கிளம்பியது.

அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைத் தூக்கி வரப் போகவில்லை. அதன் பின்னாலேயே போய், மதினி வாசலில், அதற்கு எதிரில், "அப்படி என்னதான் இருக்கு இங்க" என்று கேட்டுக்கொண்டே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மதினி கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் என் சேலை பின்பக்கம் ஈரமாகியது. கையால் சருகை விலக்கினேன். மேலே காய்ந்த இலை, அதன் கீழே நமுத்த இலை, அதற்கும் கீழே இலையா மண்ணா என்று தெரியாத ஒரு கறுப்பு, அதில் கையை வைத்தால் பானைக்குள் கைவிட்ட மாதிரிக் குளிர்ச்சி, விரலுக்கு இடையில் மண்புழு. மழை நின்று எத்தனையோ நாளாகியும் அந்த மண் இன்னும் மழையை வைத்திருந்தது. என் வீட்டு வாசலோ, நான் காலையும் மாலையும் கூட்டி, சாணி தெளித்து, ஒரு சருகு விழுந்தாலும் பொறுக்கித் தீயில் போட்டு, ஊரே மெச்ச, அடுப்புமேடை மாதிரி வழவழவென்று சுட்டுக்கொண்டு கிடந்தது. நான் ஊற்றின தண்ணீரையெல்லாம் வெயிலுக்கு ஊற்றியிருக்கிறேன்.

எனக்கு மதினியை எழுப்பி நாலு வார்த்தை திட்டவேண்டும்போல இருந்தது. என்னவென்று திட்டுவது, நீ ஏன் சோம்பேறியாக இருந்து ஜெயித்தாய் என்றா?

மறுநாள் காலை நான் வாசலைக் கூட்டவில்லை.

அத்தை எழுந்து வந்து பார்த்தாள். காய்ச்சலா என்று என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். இல்லை, இனிமேல் கூட்டப்போவதில்லை என்று சொன்னதும் நடுவாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

"பூட்டிக் கெடக்குற வீட்டுக்குத்தான் தாயி கூட்டாத வாசல். எம்மகன் வாரதுக்குள்ள நீயே வீட்டப் பூட்டிட்டியா?"

"பூட்டாம இருக்கத்தான் அத்தை கூட்டாம இருக்கேன்."

"பூரான் வரும். தேளு வரும். மூதேவி வருவா."

"வரட்டும், கூடவே கத்தரியும் வரும்."

அவளுக்கு வேறு கவலையும் இருந்தது. வீட்டைப் பூட்டினால் அவள் மகள் வீட்டுக்குப் போகவேண்டும், அங்கே மருமகனுக்கு முன்னால் கால் நீட்டி உட்கார முடியாது. ஆனாலும் கூட்டாத வாசலை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நான் வேப்பஞ்சருகும் கடலைத்தொலியும் பனையோலையும் சாக்குச் சாக்காகக் கொண்டுவந்து பரப்ப, நான் குழாயடிக்குப் போகிற நேரம் பார்த்து அவள் கூட்டித் தள்ளுவாள். அவள் விட்டதைக் கோழிகள் சீய்த்தன. கோழி விட்டதைக் காற்று அள்ளிக்கொண்டுபோய் மதினி வாசலில் கொட்டியது, அவளுக்கு அதுவும் லாபம். நான் மறுபடி அள்ளிக்கொண்டு வந்தேன். குழாயடியில், "இருளப்பன் பொண்டாட்டிக்கு என்னமோ ஆகிப்போச்சு" என்று என் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். எனக்குக் கேட்கவேண்டும் என்றுதான் பேசினார்கள்.

மாசியில் ஒருநாள் உச்சிக்கு, கத்தரி வேரில் பாதியை உருவி வெளியே எடுத்தது, சருகுக்குள் விட்டுப் பார்த்தது, கொஞ்சம் யோசித்தது, திரும்பச் சொருகிக்கொண்டது. மிளகாயும் நின்றது. சீனியவரை தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தது. வெண்டை மட்டும் வரவேயில்லை, அது இன்றைக்கும் மதினி வீட்டில்தான் இருக்கிறது, அதற்கு ரோஷம் அதிகம்.

நின்ற செடி உடனே காய்த்துவிடுமா? வத்தல் பானைகள் தீர்ந்தன. முருங்கை பூவோடு நின்றுவிட்டது. தர்ஷினிக்குக் காய்ச்சல் வந்து, "தக்காளி ரசம் வேணும்" என்று முனகிய அன்று காய்கறி வண்டி வந்தது. நான் வண்டிப்பக்கம் போய்விட்டேன். பழுத்ததாக ஒன்றைக் கையில் எடுத்துவிட்டேன். வண்டிக்காரர் மைக்கை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார், தெருவில் நின்றவர்கள் பார்த்தார்கள், கட்டிலில் இருந்து மதினி தலையைத் தூக்கிப் பார்த்தாள். அதைத் திரும்ப வைத்துவிட்டு வந்து புளியைக் கரைத்து ரசம் வைத்தேன். பிள்ளை குடித்தாள். நான் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, புகைதான் என்று சொல்லிக்கொண்டு கண்ணைத் துடைத்தேன்.

பங்குனிப் பொங்கலன்று என் வீட்டுக்காரர் மதிய மினிபஸ்ஸில் வந்து இறங்கினார். வாசலைப் பார்த்துவிட்டுத் தெருவிலேயே நின்று, பக்கத்து வீட்டைப் பார்த்து, "போயிட்டாளாக்கா?" என்று கேட்டார். நான் உள்ளேயிருந்து, "இருக்கேன், கை கழுவிட்டு வாங்க" என்றேன். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, சீனியவரைப் பொரியல், பச்சைமிளகாயும் தயிரும். காயெல்லாம் வாசலில் பறித்தது, அத்தை சாட்சி சொன்னாள். அவர் மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

"ஜெயிச்சுட்ட" என்றார்.

அவர் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு, செருப்பில்லாமல், சருகுக்குள் இறங்கிக் கத்தரிக்குப் பக்கத்தில் நின்று கை கழுவினார். அப்படியே தன் காலிலும் ஊற்றிக்கொண்டார்.

"ஆனா சீனியம்மா, நான் அங்க வீடு பாத்துட்டேன். ரெண்டு ரூம்பு. புள்ளைக்குப் பள்ளிக்கூடத்துலயும் சொல்லி வச்சாச்சு."

"அப்ப பந்தயம்?"

"பந்தயம்ங்கிறது ஒரு பேச்சுக்குச் சொல்றதுதான புள்ள. அதப் போயி நீ இப்படி நெசம்னு பிடிச்சுக்கிட்டு."

ஒரு வருஷத்துக் குடங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் என் இடுப்பில் ஏறின மாதிரி இருந்தது. அவரோ வெயிலில் நின்று, திருப்பூரில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, தெருமுனையில் காய்கறிக் கடை இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, சொல்லும்போதே பாதம் குளிரக் குளிரச் சொம்பைச் சாய்த்துக்கொண்டிருந்தார். செடிகள் எதுவும் அசையவில்லை. "சரி, சாமானக் கட்டு, சாயங்கால வண்டியப் பிடிச்சிரலாம்" என்று காலை எடுத்தார்.

கால் வரவில்லை.

மறுகாலை எடுத்தார். அதுவும் வரவில்லை. நான் குனிந்து சருகை விலக்கிப் பார்த்தேன். பத்து விரலிலிருந்தும் வெள்ளை வெள்ளையாக, வெந்தயம் முளைகட்டினமாதிரி, வேர் இறங்கியிருந்தது. ஒன்றைப் பிடித்து லேசாக இழுத்தேன், "வலிக்குது" என்றார்.

ஊர் வந்து பார்த்தது. மதினிகூடக் கட்டிலை விட்டு எழுந்து வந்து, "நிக்காத தம்பி, கால் கடுக்கும், உக்காந்துக்கோ" என்றாள். "உக்கார முடியலக்கா" என்றார் அவர். திருப்பூரிலிருந்து சூப்பர்வைசர் போன் பண்ணினார். நாட்டாமை மாமா வாங்கிப் பேசி, ஆள் வேர் பிடித்துவிட்டதாகச் சொல்லி, நாலு பேரை மந்தைக்குக் கூப்பிடாமல் எங்கள் வாசலிலேயே கூட்டி நியாயம் சொன்னார்.

"ஆள் கம்பெனிக்காரனுக்கு. அத நாம இல்லைன்னு சொல்ல முடியாது. ஆனா கெடந்த எடத்துல விட்டது கெடந்த எடத்துக்குத்தான். கம்பெனி வேணும்னா வந்து வேரோட தோண்டிக்கிடட்டும்." எல்லாரும் தலையை ஆட்டினார்கள். அன்றைக்கு நானும் ஆட்டினேன்.

பொழுது சாய்ந்தது. கூட்டம் கலைந்து போனது. தர்ஷினி தன் புத்தகப்பையை அவர் தோளில் மாட்டிவிட்டு விளையாடப் போனாள். எனக்குத் தலைக்கு மேல் வேலை கிடந்தது: பீர்க்கங்கொடி ஏற்றிவிட நினைத்த இடத்தில் சரியாக நடுவில் நிற்கிறார், நாளைக்கு அவர் தலைக்கு நிழல் கட்டச் சேலை கிடையாது, குழாயில் தண்ணீர் எப்போது வருமென்று குழாய்க்கே தெரியாது.

அத்தை விளக்குமாற்றோடு வந்தாள். மகனைப் பார்த்தாள், அவர் காலைப் பார்த்தாள், வாசல் முழுக்கக் கிடந்த சருகைப் பார்த்தாள். விளக்குமாற்றைச் சுவரோரம் சாத்திவிட்டு மதினி வீட்டுக்குப் போய், முந்தானை நிறையச் சருகு அள்ளிக்கொண்டு வந்து, மகனின் பாதத்தைச் சுற்றிக் கணுக்கால்வரை கொட்டி, காற்றுக்குப் பறக்காமல் கையால் அமுக்கிவிட்டாள்.

"நாளைல இருந்து ஒரு கொடம் கூடக் கொண்டா தாயி" என்றாள்.